ஆன்லைன் ஏலத்தில் பழைய நாணயம் வாங்குவது எப்படி: பதிவு முதல் பார்சல் வரை

பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் ஆன்லைன் ஏலத்தில் வாங்க நினைத்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தொடங்கியபோது சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பதிவுக்கு அனுமதி வருமா வராதா என்று காத்திருந்தது, பில்லில் உள்ள ஒவ்வொரு வரியும் எதற்கு என்று போன் போட்டுக் கேட்டது, பார்சல் எந்த ஊரில் நிற்கிறது என்று தேடியது என எல்லாவற்றையும் தனியாகவே தட்டுத்தடுமாறிக் கடந்தேன். நீங்கள் அப்படிக் கஷ்டப்பட வேண்டாம்.

நாணயத்தை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்தது அதுதான். தபால்தலை, ஓவியம், பழைய கைக்கடிகாரம் என்று எதை ஏலத்தில் எடுத்தாலும் முறை ஏறக்குறைய இதேதான்.

1. யார் யார் என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

ஏலத்தில் உங்கள் எதிரே மூன்று பேர் இருக்கிறார்கள். பொருளின் சொந்தக்காரர் ஒருவர். அவர் பெயர் பெரும்பாலும் வெளியே வராது. அவரிடமிருந்து பொருளை வாங்கி, படம் எடுத்து, விவரம் எழுதி, ஏலம் விடுவது ஏல நிறுவனம். அந்த ஏலத்தை உங்கள் போனுக்குக் கொண்டுவருவது ஆன்லைன் தளம்.

இந்தியாவில் நாணய ஏலம் என்றால் மும்பையில் டோடிவாலா, ஓஸ்வால், ராஜ்கோர். பெங்களூரில் மருதர் ஆர்ட்ஸ். அகமதாபாத்தில் கிளாசிக்கல் நியூமிஸ்மாட்டிக் கேலரி. இவை ஏல நிறுவனங்கள். நியூமிஸ்பிட்ஸ், சிக்ஸ்பிட், பிட்டர், தி சேல்ரூம், லைவ்ஆக்‌ஷனியர்ஸ், இன்வாலுவபிள் போன்றவை தளங்கள். பல நிறுவனங்களின் ஏலங்கள் இவற்றில் ஒரே இடத்தில் நடக்கும். சில நிறுவனங்கள் சொந்த இணையதளத்திலேயே ஏலத்தை நடத்திக்கொள்கின்றன.

தளத்தால் நிறுவனத்துக்கு என்ன லாபம்? மும்பையில் ஒரு ஹோட்டல் ஹாலில் நடக்கும் ஏலத்துக்கு நேரில் வருபவர்கள் சில பத்துப் பேர்தான். தளம் இருந்தால் காரைக்குடியிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் ஆள் கேட்பார்கள். கேட்லாக் போடுவது, கேட்பவர்களைப் பதிவு செய்வது, வீடியோ நேரலை, கேள்வித் தொகையை வரிசைப்படுத்துவது, பழைய ஏலங்களின் விலையைச் சேமித்து வைப்பது எல்லாம் தளத்தின் வேலை. அதற்கு நிறுவனத்திடம் கட்டணம் வாங்கும். சில தளங்கள் உங்களிடமும் தனியாக ஒரு சதவீதம் வாங்கும்.

தளம் செய்யாதது எது என்பதுதான் முக்கியம். காசு அசலா போலியா என்பதற்குத் தளம் பொறுப்பில்லை. பார்சல் கட்டுவதும் பணத்தைத் திருப்பித் தருவதும் அதன் வேலை இல்லை. உங்கள் ஒப்பந்தம் ஏல நிறுவனத்தோடுதான். அதனால் தளத்தின் விதிகளைவிட, அந்த ஏலத்துக்கென்று நிறுவனம் போட்டிருக்கும் விதிமுறைப் பக்கத்தைத்தான் வரிவரியாகப் படிக்க வேண்டும். ஒரே தளத்தில் அடுத்தடுத்து நடக்கும் இரண்டு ஏலங்களுக்கு இரண்டு விதமான விதிமுறை இருக்கும்.

இன்னொன்று: ஒரே ஏலம் பொதுத் தளத்திலும் நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலும் நடந்தால், சொந்த இணையதளத்தில் கேளுங்கள். தளக் கட்டணம் மிச்சம்.

2. பதிவும் ஆவணங்களும்

மின்னஞ்சலும் மொபைல் எண்ணும் கொடுத்துக் கணக்குத் தொடங்குவது இரண்டு நிமிட வேலை. ஆனால் அதனால் மட்டும் கேட்க முடியாது. ஒவ்வொரு ஏலத்துக்கும் தனியாக "பதிவு செய்" என்ற பொத்தானை அழுத்தி, நிறுவனத்தின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான். தளத்தில் கணக்கு இருக்கிறதே என்று ஏலத்தன்று காலையில் உள்ளே போனால் "அனுமதி நிலுவையில் உள்ளது" என்று வரும். அன்று நிறுவனத்தில் எல்லோரும் ஏல ஹாலில் இருப்பார்கள். போனை எடுக்க ஆள் இருக்காது.

ஏலத்துக்கு ஒரு வாரம் முன்பே பதிவு செய்துவிடுங்கள். கையில் இருக்க வேண்டியவை: பான் கார்டு, ஆதார் அல்லது பாஸ்போர்ட் போன்ற முகவரிச் சான்று, பார்சல் வர வேண்டிய முகவரி. வியாபாரியாக இருந்தால் ஜி.எஸ்.டி. எண். ஆதாரை அனுப்பும்போது முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட நகலை அனுப்புங்கள். ஆதார் இணையதளத்திலேயே அந்த நகலை இறக்கிக்கொள்ளலாம்.

சில நிறுவனங்கள் "வேறு எங்கே வாங்கியிருக்கிறீர்கள்?" என்று கேட்கும். இதுதான் முதல்முறை என்றால் அப்படியே சொல்லிவிடுங்கள். முன்பணம் கட்டச் சொல்லலாம், அல்லது இத்தனை ரூபாய் வரைதான் கேட்கலாம் என்று வரம்பு வைக்கலாம். இரண்டும் சாதாரண நடைமுறைதான். முன்பணம் கேட்டால், ஜெயிக்காவிட்டால் அது எப்போது திரும்பி வரும் என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் வங்கிக் கணக்கைத் தவிர தனிநபர் பெயரில் உள்ள யு.பி.ஐ. எண்ணுக்கு எந்தப் பணமும் அனுப்ப வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "உங்கள் வீட்டில் உள்ள வைஷ்ணவ தேவி 5 ரூபாய்க் காசை லட்சங்களுக்கு வாங்குகிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்" என்று வரும் செய்திகளுக்கும் ஏல நிறுவனங்களுக்கும் சம்பந்தமே இல்லை. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி இப்படி நடக்கும் மோசடி பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. பழைய காசு விற்பதற்குக் கட்டணமோ கமிஷனோ ரிசர்வ் வங்கி வாங்குவதில்லை.

3. கேட்லாக்கைப் படிக்கப் பழகுங்கள்

அவசரப்படாமல் உட்கார வேண்டிய இடம் இது. ஏலத்துக்குச் சில வாரம் முன்பே கேட்லாக் வந்துவிடும். ஒவ்வொரு பொருளும், அல்லது ஒன்றாகக் கட்டிய தொகுப்பும், ஒரு லாட். லாட்டின் கீழே எடை, உலோகம், ஆண்டு, எந்த நாணயச்சாலை, தரம், எதிர்பார்ப்பு விலை எல்லாம் இருக்கும்.

எதிர்பார்ப்பு விலை என்பது நிறுவனத்தின் கணிப்புதான். ஆளை இழுக்க வேண்டுமென்றே குறைத்துப் போடுவதும் உண்டு. ரிசர்வ் என்பது வேறு: அதற்குக் கீழே போனால் விற்க மாட்டோம் என்று சொந்தக்காரரும் நிறுவனமும் பேசி வைத்திருக்கும் தொகை. அது பெரும்பாலும் உங்களுக்குத் தெரியாது.

தரத்தைக் குறிக்க எஃப், வி.எஃப்., எக்ஸ்.எஃப்., ஏ.யு., யு.என்.சி. என்ற எழுத்துகள் வரும். வரிசையாக மேலே போகப் போகத் தேய்மானம் குறைவு, யு.என்.சி. என்றால் புழக்கத்துக்கே வராதது. வி.எஃப். தரத்தில் சில ஆயிரத்துக்குப் போகும் ஒரு காசு யு.என்.சி.யில் பல மடங்குக்குப் போகும். ஆகவே தரத்தை நிறுவனம் தானாகப் போட்டதா, அல்லது என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். போன்ற வெளி அமைப்பு போட்டதா என்று பாருங்கள். அந்த அமைப்புகள் 70 வரையுள்ள அளவுகோலில் எண் கொடுத்து, காசை மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துத் தரும். சேகரிப்பாளர்கள் அதை ஸ்லாப் என்பார்கள். நோட்டுகளுக்கு பி.எம்.ஜி. இருக்கிறது. ஸ்லாப்பில் உள்ள சான்றிதழ் எண்ணை அந்த அமைப்பின் இணையதளத்தில் போட்டால் காசின் விவரம் வரும், பெரும்பாலும் படமும் வரும். போலி ஸ்லாப்புகளும் உலவுவதால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். எண் இல்லாமல் "டீடெய்ல்ஸ்" என்று மட்டும் இருந்தால், காசில் ஏதோ குறை இருக்கிறது என்று அர்த்தம்: தேய்த்துக் கழுவியது, கீறல், பதக்கமாக மாட்டியிருந்த தடம். விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும்.

ஒரு காசை எடுத்துக்கொள்வோம். ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட 1939-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய். மிக அரிது, அதனால் விலை அதிகம். முந்தைய வருடத்து 1938 ரூபாய் எளிதாகக் கிடைக்கும். இரண்டும் 11.66 கிராம்தான், இரண்டிலும் 91.7 சதவீதம் வெள்ளிதான். அதாவது 1938-இல் கடைசி எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கிவிட்டால் தராசு காட்டிக்கொடுக்காது. நீங்கள் பார்க்க வேண்டியது அந்த ஒரு எண்ணை மட்டும்தான்: ஒன்பதைச் சுற்றியுள்ள பரப்பு மற்ற இடங்களைப் போலவே இருக்கிறதா, அல்லது அங்கு மட்டும் வழவழப்பாகவோ பள்ளமாகவோ இருக்கிறதா? எண்ணின் உயரம் பக்கத்து மூன்றோடு ஒத்துப்போகிறதா? கேட்லாக் படத்தில் இது தெரியாது. நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டு, ஆண்டு எண்ணை மட்டும் பெரிதாக்கிய படம் ஒன்று, சாய்வான வெளிச்சத்தில் எடுத்தது ஒன்று, விளிம்பின் படம் ஒன்று கேளுங்கள். நல்ல நிறுவனம் தயங்காமல் அனுப்பும். இந்த விலையில் ஸ்லாப் இல்லாத 1939 ரூபாயை நான் கேட்கவே மாட்டேன்.

நம் பக்கத்துக் காசுகளில் இந்த அளவு பதற்றம் தேவையில்லை. ஒரு பக்கம் நிற்கும் உருவமும் மறுபக்கம் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தும் கொண்ட ராஜராஜனின் செப்புக் காசு சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. தரங்கம்பாடி டேனிஷ் காசு, நாயக்கர் காலச் செப்புக் காசு போன்றவற்றிலும் சாதாரண வகைகள் கைக்கு எட்டும் விலையில் வரும். புதியவர்கள் இவற்றில் தொடங்குவதே நல்லது. பணம் குறைவு, கண்ணும் பழகும்.

விவரத்தில் மறைந்திருக்கும் சில சொற்களைக் கவனியுங்கள். "உள்ளது உள்ளபடி" என்றால் திருப்பித் தர முடியாது. பல காசுகள் சேர்ந்த தொகுப்பு லாட்டுகளுக்கும் பெரும்பாலும் திரும்பப் பெறும் வசதி கிடையாது. "ரிஸ்டிரைக்" என்றால் பழைய அச்சை வைத்துப் பின்னாளில் அடித்தது. நாணயச்சாலையே அடித்ததுதான், ஆனால் அசல் வெளியீட்டின் விலைக்குப் போகாது. "சொல்லப்படுகிறது", "இருக்கலாம்" என்று இழுத்தால் நிறுவனமே உறுதியாக நம்பவில்லை.

மும்பை, பெங்களூரு ஏலங்களில் பொருளை நேரில் பார்க்க முன்னதாகவே நாள் ஒதுக்குவார்கள். பெரிய தொகைக்குக் கேட்கப் போகிறீர்கள் என்றால், அந்த ஊரில் உள்ள நண்பர் ஒருவரை லென்ஸும் சின்னத் தராசும் கொடுத்து அனுப்புங்கள்.

4. சட்டத்தில் மூன்று விஷயம்

ஒன்று, நூறு ஆண்டு விதி. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத நாணயம் தொல்பொருள். இந்தியாவுக்குள் வாங்கலாம், வைத்திருக்கலாம். தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ துபாயிலோ இருந்துகொண்டு சென்னை முகவரியில் பதிவு செய்து ஏலம் கேட்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். 1911 ரூபாயை ஜெயித்தால் அது இந்தியாவில்தான் இருக்க வேண்டும். விடுமுறைக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது பெட்டியில் போட்டு எடுத்துப்போனால் விமான நிலையத்தில் பறிமுதலாகும், வழக்கும் வரும். நூறு ஆண்டு என்பது ஒவ்வொரு வருடமும் நகரும் எல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டு, புதையல். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் கிடைத்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். "கிணறு தோண்டும்போது பானையில் கிடைச்சது அண்ணா, ஏலத்துக்குப் போறதுக்கு முன்னால உங்களுக்குத் தர்றேன்" என்று யாராவது தனியாகப் பேசினால், கதை உண்மையானாலும் பொய்யானாலும் விலகிவிடுங்கள். உண்மை என்றால் சட்டச் சிக்கல், பொய் என்றால் போலிக் காசு.

மூன்று, 2016-இல் செல்லாமல் போன பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள். 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவர் 10 நோட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆய்வு, நாணயவியல் போன்ற நோக்கத்துக்கு 25 வரை வைத்திருக்கலாம். விசித்திர எண் என்று ஆசைப்பட்டுக் கட்டாக வாங்காதீர்கள்.

5. உண்மையான விலையைக் கணக்குப் போடுங்கள்

திரையில் தெரியும் தொகை நீங்கள் கட்டப்போகும் தொகை இல்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சுத்தியல் விழும் தொகையோடு (ஏலம் முடியும் விலை) வரிசையாக இவை சேரும்: வாங்குபவர் பிரீமியம் (நிறுவனத்தின் கமிஷன், 15 முதல் 20 சதவீதம் வரை சாதாரணமாகப் பார்க்கலாம்), அந்தக் கமிஷனுக்கு ஜி.எஸ்.டி., பொருளுக்கு ஜி.எஸ்.டி., தளக் கட்டணம், தபாலும் காப்பீடும்.

பொருள் மீதான வரியில்தான் குழப்பம் அதிகம். சேகரிப்புப் பொருட்களுக்கும் நூறு ஆண்டு தாண்டிய பழம்பொருட்களுக்கும் 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆனது. பழைய கேட்லாக்குகளில் உள்ள விகிதத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பொருளைப் பொறுத்தும், சொந்தக்காரர் ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவரா என்பதைப் பொறுத்தும் பில் மாறலாம். "இந்த லாட்டுக்குச் சுத்தியல் தொகை 10,000 என்றால் நான் மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று ஒரே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அந்தப் பதில் உங்கள் கையில் இருக்கட்டும்.

ஒரு கணக்கு பார்ப்போம். சுத்தியல் தொகை 10,000. பிரீமியம் 20 சதவீதம் என்றால் 2,000. அந்த 2,000-க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 360. பொருளுக்கு 5 சதவீதம் என்றால் 500. தளக் கட்டணம் 3 சதவீதமும் அதன் மீது 18 சதவீத வரியும் என்றால் 354. தபால், காப்பீடு 250 என்று வைப்போம். மொத்தம் 13,464 ரூபாய்.

இதைத் திருப்பிப் போட்டால் வேலை எளிது. கையில் 20,000 இருக்கிறதா? மேலே 10,000 என்பது 13,464 ஆனது, அதாவது ஏறக்குறைய 1.35 மடங்கு. அந்த 1.35-ஆல் வகுங்கள், 14,800 சொச்சம் வரும். அப்படியென்றால் உங்கள் உச்சவரம்பு 14,500. உங்கள் ஏலத்தின் சதவீதங்கள் வேறாக இருந்தால் 1.35-க்குப் பதில் வேறு எண் வரும். ஏலம் தொடங்கும் முன்பே அதைக் கண்டுபிடித்துப் பேப்பரில் எழுதிவிடுங்கள்.

காசு உண்மையில் எவ்வளவு பெறும் என்பதற்குப் பழைய ஏல முடிவுகளைப் பாருங்கள். பெரும்பாலான தளங்களில் முடிந்த ஏலங்களின் விலை இருக்கும். ஒரு தளம் காட்டுவது பிரீமியம் சேர்த்த விலையா, சேர்க்காததா என்று பார்த்துக்கொண்டு ஒப்பிடுங்கள். கடைக்காரர் சொல்லும் விலையும் வாட்ஸ்அப் குழுவில் சொல்லும் விலையும் கேட்கும் விலைகள்தான், விற்ற விலைகள் அல்ல.

6. எப்படிக் கேட்பது

இரண்டு வழி உண்டு. ஏலத்துக்கு முன்பே உங்கள் உச்சத் தொகையைப் பதிந்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பது ஒன்று. நேரலையில் உட்கார்ந்து கேட்பது இன்னொன்று.

முன்கூட்டியே பதியும் தொகை முழுவதும் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். நீங்கள் 12,000 பதிகிறீர்கள், ஏலம் 5,000-இல் தொடங்குகிறது, இன்னொருவரின் உச்சம் 8,000. அப்போது உங்களுக்காகத் தளம் அடுத்த படியான 8,500-க்குக் கேட்டு நிறுத்திக்கொள்ளும் (படி 500 என்றால்). மீதி உங்களுடையது. இருவரும் ஒரே உச்சத்தைப் பதிந்திருந்தால் முன்னால் பதிந்தவருக்கே போகும். முடிவு செய்துவிட்டால் சீக்கிரம் பதிய இது ஒரு காரணம்.

ஒவ்வொரு முறை கேட்கும்போதும் தொகை எவ்வளவு ஏறும் என்ற படிக்கட்டு அட்டவணையை விதிமுறைப் பக்கத்தில் பாருங்கள். 10,000 வரை 500, அதற்கு மேல் 1,000 என்பது போல் ஏறிக்கொண்டே போகும். உச்சவரம்பைப் படிக்குப் பொருந்தும்படி வையுங்கள். இல்லாவிட்டால் தளம் கீழ்ப்படிக்கு இறக்கிவிடும்.

நேர வரம்பு வைத்த ஏலங்களில் கடைசி நொடியில் அடித்துப் பறிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பல தளங்களில் கடைசி நிமிடங்களில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும்.

7. ஏல நாள்

மணிக்கு எத்தனை லாட் போகிறது என்று முதல் அரைமணி நேரம் பார்த்தால், உங்கள் லாட் எப்போது வரும் என்று கணக்குப் போட்டுவிடலாம். வீடியோ சில நொடி பின்தங்கித்தான் வரும். ஏலம் விடுபவரின் குரலைக் கேட்டு அழுத்தாமல், திரையில் உள்ள தொகையைப் பார்த்து அழுத்துங்கள். ஹாலில் உட்கார்ந்திருப்பவரும் நீங்களும் ஒரே தொகையைக் கேட்டால் பெரும்பாலும் ஹாலில் இருப்பவருக்கே முன்னுரிமை. வைஃபையோடு மொபைல் டேட்டாவும் தயாராக இருக்கட்டும். கரண்ட் போனாலும் லாட் போகாமலிருக்க, முக்கியமான ஒன்றிரண்டுக்கு முன்பே தொகை பதிந்துவிடுவது பாதுகாப்பு.

அழுத்திவிட்டால் அது சட்டப்படியான ஒப்பந்தம். குழந்தை கையில் போனைக் கொடுத்தபோது அழுந்திவிட்டது என்றெல்லாம் சொல்லித் தப்ப முடியாது. ஜெயித்துவிட்டுப் பணம் கட்டாதவர்களின் கணக்கைத் தளங்கள் முடக்கும்; நிறுவனங்கள் தங்களுக்குள்ளும் பேசிக்கொள்கின்றன.

நீங்கள் குறிவைத்த லாட் விற்காமல் போனால் சோர்ந்துவிட வேண்டாம். ரிசர்வ் எட்டாத லாட்டுகளைப் பல நிறுவனங்கள் ஏலம் முடிந்த பிறகு அந்த ரிசர்வ் தொகைக்கோ கொஞ்சம் பேசியோ தருகின்றன. மறுநாள் காலையிலேயே கேளுங்கள்.

8. பணம் கட்டுதல்

ஒன்றிரண்டு நாளில் பில் வரும். பொதுவாக 7 முதல் 15 நாளுக்குள் கட்ட வேண்டும். தாமதத்துக்கு வட்டி போடுவார்கள். 2 லட்சத்துக்கு மேல் போனால் பான் கட்டாயம். 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்க அவர்களுக்குச் சட்டம் இடம் தரவில்லை. வங்கி மாற்றத்தில் கட்டி, அந்தப் பணமாற்றத்துக்கு வங்கி தரும் யு.டி.ஆர். எண்ணோடு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

"எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால் நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து உறுதி செய்யாமல் ஒரு ரூபாய் கூட அனுப்பாதீர்கள். பில்லில் லாட் எண், காசின் விவரம், பிரீமியம், வரி எல்லாம் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். "லாட் 214, நாணயம்" என்று மட்டும் இருந்தால் முழு விவரத்தோடு மாற்றித் தரச் சொல்லுங்கள். நாளை விற்கும்போது அந்தப் பில்தான் சாட்சி.

9. பார்சல் வந்ததும்

தனியார் கூரியர்களில் பலர் பணம், தங்கம் போன்றவற்றை எடுத்துக்கொள்வதில்லை. அதனால் தபால்துறை வழியாகத்தான் பெரும்பாலும் வரும். காப்பீடு எத்தனை ரூபாய்க்கு என்று முன்பே கேளுங்கள். முழுத்தொகைக்கும் இருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

பார்சலைப் பிரிப்பதற்கு முன் வீடியோவை ஓடவிடுங்கள். முகவரிச் சீட்டு, ஒட்டிய டேப், பிரிக்கும் கை, உள்ளே இருக்கும் காசு எல்லாம் வெட்டில்லாமல் ஒரே ஓட்டத்தில் இருக்க வேண்டும். அப்புறம் எடை போடுங்கள், கேட்லாக் படத்தோடு ஒப்பிடுங்கள். காசில் உள்ள சின்னக் கீறல், கறை இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். மாறியிருந்தால் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். போலி என்ற புகாருக்கு நிறுவனம் வைத்திருக்கும் காலக்கெடு சில நாட்களாகவே இருக்கலாம். ஸ்லாப்பை உடைத்துவிட்டால் அந்த உரிமையும் போய்விடும்.

தயவுசெய்து காசைத் தேய்க்காதீர்கள். வெள்ளியின் மேல் படிந்த கருமையும் செம்பின் பழுப்பும் அழுக்கு இல்லை. குத்துவிளக்குக்குப் போடுவதுபோல் புளி போட்டுத் துலக்கிய ஒரு காசு, பளபளவென்று கைக்கு வரும்போதே விலையில் பாதியை இழந்திருக்கும். மலிவான பி.வி.சி. உறையும் வேண்டாம், நாளடைவில் காசின் மேல் பச்சைப் பிசுக்கு ஏறும். பி.வி.சி. இல்லாத உறை என்று கேட்டு வாங்குங்கள்.

10. வெளிநாட்டு ஏலத்தில் கேட்பதாக இருந்தால்

முதல் சில வாங்கல்களுக்கு இதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. பணம் அனுப்ப வங்கியில் ஏ-2 படிவம் தர வேண்டும். தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஆண்டு வரம்பு 2.5 லட்சம் டாலர். ஆண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் வங்கி டி.சி.எஸ். (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிக்கும், வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம். பிரிட்டனில் பிரீமியம் மீது 20 சதவீத வாட் வரி வரும். இங்கே வந்து சேரும்போது சுங்க வரியும், கூரியர் நிறுவனத்தின் கட்டணமும், கே.ஒய்.சி.யும் தனி. சுங்க ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

11. விற்பதற்கும் இதே வழிதான்

தாத்தா வைத்துவிட்டுப் போன காசுப் பெட்டி இருந்தால், முதலில் தெளிவான படங்களை இரண்டு மூன்று நிறுவனங்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேளுங்கள். படத்தைப் பார்த்துச் சொல்ல நல்ல நிறுவனங்கள் கட்டணம் கேட்பதில்லை. காசை ஒப்படைக்கும்போது ஒவ்வொன்றின் எடையும் படமும் உள்ள ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: விற்பவர் கமிஷன், ரிசர்வ், படம் எடுக்கவும் காப்பீட்டுக்கும் தனிக் கட்டணம் உண்டா, விற்காவிட்டால் திருப்பித் தரக் கட்டணம் உண்டா, பணம் எத்தனை நாளில் வரும்.

ஒப்படைத்த நாளிலிருந்து கேட்லாக் தயாராகி, ஏலம் நடந்து, வாங்கியவர் பணம் கட்டி, உங்கள் கணக்குக்கு வந்து சேரச் சில மாதங்கள் ஆகும். கல்யாணத்துக்கோ கல்லூரிக் கட்டணத்துக்கோ அவசரமாகப் பணம் தேவை என்றால் அந்த ஏலத்தை நம்பித் தேதி வைக்காதீர்கள். முன்பணம் தர முடியுமா என்று நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள். நல்ல பொருளாக இருந்தால் சிலர் தருவார்கள்.